மூன்றாம் ஓலை

"தடை சொல்லணும். அதுக்கு ஒரு வசனம் எடுத்துக் கொடும்" என்றார் மாசிலாமணி.

உபதேசியார் யாபேத்துக்கு முப்பத்து நாலு வயது. கேட்டவருக்கு அறுபத்திரண்டு. மாசிலாமணி கருப்பட்டித் தரகர். சரக்கு நல்லதா என்றுதான் பார்ப்பார். கடைக்காரன் வயசைப் பார்க்க மாட்டார்.

வேதக்கோயிலில் வேறு யாரும் இல்லை. யாபேத் பாட்டு எண் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கல்யாணத்துக்கு, அண்ணாச்சி?"

"தெரியாத மாதிரி கேக்காதேயும். என் மகன் கல்யாணத்துக்குத்தான்."

அந்த ஊர்க் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண் மாப்பிள்ளை பெயர்களைச் சபைக்கு முன்னால் வாசிப்பார்கள். தாளில் எழுதினாலும் அதற்குப் பெயர் ஓலை. வாசித்து முடித்ததும், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு, பத்து எண்ணுகிற நேரம் நிற்பார்கள். இதுவரை ஒருத்தரும் எழுந்தது கிடையாது.

மகன் ரூபனுக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. இரண்டு ஞாயிறும் தகப்பன் கோயில் பக்கம் வரவில்லை.

பெண் கெசியா. மாசிலாமணியின் அக்காள் மகள்.

நாலு வருசத்துக்கு முன் அக்காள் புருஷன் தவசிமுத்து கோயிலோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். தகரக் கொட்டகை போட்டுத் தனிச் சபை தொடங்கினார். பதினாறு குடும்பம் பின்னால் போனது.

மாசிலாமணிக்கு ரத்தம் கொதித்தது. அவர் அப்பன் கல் சுமந்து கட்டிய கோயில் அது. பீடத்துக்கு முன் நின்று, சபை கேட்க ஆணையிட்டார். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிறவன் தன் வீட்டான் இல்லை.

ரூபன் அப்போது மஸ்கட்டில் இருந்தான். போனில் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. லீவில் வந்தவன் பஸ்ஸை விட்டு இறங்கினான். முதல் வீடு அத்தை வீடு. நல்ல வெயில். குடித்துவிட்டான்.

செம்பை நீட்டியது கெசியா.

"ஆணை ஆணைதான். யெப்தா சொன்ன சொல்லைக் காப்பாத்தினான்ல?" என்றார் மாசிலாமணி.

"காப்பாத்தினான்" என்றார் யாபேத். "அதுக்கப்புறம் அவன் வெளியே போயிட்டு வந்தா கதவைத் திறந்துவிட வீட்டுல யார் இருந்தா?"

யெப்தா ஆணைக்காகப் பலி கொடுத்தது தன் ஒரே மகளை. மாசிலாமணிக்கும் ஒரே பிள்ளை. அந்த வசனத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"லேவியர். கர்த்தர் பட்சத்துல நிக்கிறவன் எவன்னு மோசே கேட்டதும் வாளை உருவிக்கிட்டு வந்தாங்க. சொந்தச் சகோதரன்னு பாக்கல. அது வைராக்கியம். அதைச் சொல்லுதேன்."

"சொல்லுங்க. அதுக்கு முன்னால, மலைமேல மோசே என்ன செய்தான்?"

மாசிலாமணிக்கு அது தெரியும். வேதத்தை ஏழு தரம் முடித்தவர். கன்றுக்குட்டியைக் கும்பிட்ட அதே சனத்தை அழிக்க வேண்டாம் என்று மோசே மலைமேல் கெஞ்சினான். வெட்டு முடிந்த மறுநாளும் ஏறிப்போனான். இவர்களை மன்னிக்கவில்லையென்றால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பெயரையும் கிறுக்கிப் போடும் என்றான்.

"முன்னாலயும் கெஞ்சல், பின்னாலயும் கெஞ்சல். நடுவுல கிடக்கிற வாளை மட்டும் உருவி எடுத்துக்கிட்டா எப்படி, அண்ணாச்சி?"

"வியாபாரி நானா, நீரா?"

யாபேத் சிரிக்கவில்லை. பலகையை ஆணியில் மாட்டிவிட்டு, சவுல் கதையை எடுத்தார். யுத்த நாளில் சாயங்காலம் வரை எவனாவது சாப்பிட்டால் அவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் ஆணையிட்டான். அந்த இடத்தில் மகன் யோனத்தான் இல்லை. காட்டுவழியே வந்தவன், கோல் நுனியில் தேனைத் தொட்டு வாயில் வைத்தான்.

"தகப்பன் என்ன சொன்னான்?"

"நீ சாகத்தான் வேணும்னு சொன்னான்." மாசிலாமணிக்கு அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

"சாகடிச்சானா?"

"சனங்க விடல. ராஜாவுக்கு எதிரா எந்திரிச்சு நின்னாங்க. ஒரு மயிரும் விழாதுன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நம்ம ஊர்ல எனக்கு எதிரா எந்திரிக்க ஆள் கிடையாது, தெரியும்லா?"

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அது பெருமை மாதிரிக் கேட்கவில்லை.



பிறகு மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்து, மகன் சொன்னதைச் சொன்னார். தடை சொன்னால் மறுநாளே மஸ்கட் போய்விடுவானாம். அப்புறம் அப்பன் அடக்கத்துக்குக்கூட வர மாட்டானாம்.

"வர மாட்டான். எனக்குப் பிறந்தவன். சொன்னா செய்வான்."

"தெரிஞ்சுமா தடை சொல்லுதீங்க?"

"சபை கேக்கச் சொன்ன வார்த்தை, உபதேசியாரே. நான் இந்த ஊர்ல ஒண்ணுமில்லாம நின்னவன். பத்து பைசா முதல் கிடையாது. வாய் வார்த்தையை வச்சுத்தான் மனுசனானேன். அதை வித்துட்டா என்ட்ட என்ன இருக்கு?" எழுந்தார். "வசனம் தராட்டாப் போகுது. ஞாயித்துக்கிழமை எந்திரிப்பேன். நீரு எழுதிக்கிடும்."

யாபேத் சுவரைக் காட்டினார்.

சுவரில் முறை அட்டை தொங்கியது. உபதேசியாருக்கு மூன்று ஊர்க் கோயில். அவர் இல்லாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர் பெயர் அதில் இருக்கும். ஜனவரியில் எழுதியது. இந்த ஞாயிற்றுக்கு எதிரே இருந்த பெயர் மாசிலாமணி. கையெழுத்தும் அவருடையது.

இருபத்திரண்டு வருசமாக அந்த அட்டையை எழுதுகிறவர், இரண்டு ஞாயிறு கோபத்தில் அதை மறந்தே போயிருந்தார்.

"மாத்திப் போடட்டுமா?" என்று யாபேத் கேட்டார்.

"நான் எழுதினதை நான் மாத்துனது கிடையாது."

"அப்ப ஓலையை நீங்கதான் வாசிக்கணும்."

"அப்ப தடையை நான் யார்ட்ட சொல்ல?"

"தடையை வாசிக்கிறவர்கிட்டதான் சொல்லணும். நீங்க உங்ககிட்டயே சொல்லிக்கிடுங்க, அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இடமில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரியும்.

மாசிலாமணி பாட்டுச் சொன்னார். பாடம் வாசித்தார். ஓலையைப் பிரித்தார்.

"மாசிலாமணி, வசந்தகுமாரி இவர்களின் குமாரன் ரூபன் என்னும் வாலிபனுக்கும், தவசிமுத்து, பாக்கியத்தாய் இவர்களின் குமாரத்தி கெசியா என்னும் கன்னிகைக்கும்..."

பாக்கியத்தாய் என்ற இடத்தில் குரல் இடறியது. நாலு வருசமாக அக்காள் பெயர் அவர் வாயில் வந்ததில்லை.

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டார். கேட்டுவிட்டு, எண்ண ஆரம்பித்தார்.

சபை அவரையே பார்த்தது. ரூபன் முன்வரிசையில் தலை குனிந்திருந்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தது. அடி விழப்போகிறது என்று தெரிந்தால் சின்ன வயசிலும் அப்படித்தான் சிவக்கும்.

ஏழு வரை எண்ணியவருக்கு எட்டு வரவில்லை.

பெண்கள் பக்கம், கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். பாக்கியத்தாய். நாலு வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வாசல்படியை மிதித்திருந்தாள்.

"தடை இருக்கு" என்றாள்.

ரூபன் விருட்டென்று திரும்பிப் பார்த்தான்.

மாசிலாமணிக்கு ரத்தம் கொதித்தது. தன் பிள்ளைக்குத் தடை சொல்ல இவள் யார்? அவனிடம் என்ன குறையைக் கண்டாள்? ஆனால் நிற்கிற இடம் அப்படி. தடை சொன்னால் வாசிக்கிறவர் காரணம் கேட்க வேண்டும்.

"காரணம்?"

"பொண்ணுக்குத் தாய்மாமன் ஒருத்தன் இருக்கான். அவன் இன்னும் வீட்டுக்கு வந்து சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லல. தாய்மாமன் இல்லாம எங்க வீட்டுல தாலி ஏறுனதில்ல."

சொன்னதை எழுத வேண்டும். நோட்டை எடுத்தார். தடை சொன்னவர் பெயர் எழுதினார். காரணம் எழுதினார். தடையைத் தீர்க்க வேண்டியவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை.

மாசிலாமணி பேனாவை மூடினார்.

"உக்காரு, அக்கா. ஆராதனை முடியட்டும். அவனை நான் கூட்டிட்டு வாரேன்."