பக்கத்து சீட்டு பிரேக்

பல்கீஸைக் குரு என்று சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். வடபழனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சிஷ்யை வனஜாவுக்குக் குருவைவிட இருபது வயது கூடுதல். இருந்தாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள்.

வனஜா வண்டி பழக வந்தது ஆசைக்கு இல்லை. கணவர் ஏகாம்பரத்துக்குப் பக்கவாதம் வந்து வலது கை துவண்டுவிட்டது. கைப் பயிற்சிக்கு அவரை ஆஸ்பத்திரி கூட்டிப்போக வேண்டும். அவராகக் கையை அசைக்காவிட்டால் அது அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வனஜாவுக்கு அதெல்லாம் பொறுக்குமா? அவர் டம்ளரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் காபி வாய்க்கு வந்துவிடும். சட்டைப் பொத்தான், சீப்பு, சோறு எல்லாம் அவளே. மனுஷர் வர வரப் பேச்சையும் குறைத்துக்கொண்டார். அது அவள் நெஞ்சை அறுத்தது. அதனால் இன்னும் ஓடி ஓடிச் செய்தாள்.

வண்டியிலும் அதே கூத்துதான். கிளட்சை முழுசாக விடமாட்டாள், ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் எடுக்கமாட்டாள். என்ஜின் அலறும், வண்டி நகராது, தீய்ந்த வாடை மட்டும் வரும்.

ஒருநாள் சிக்னல் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது கேட்டாள்.

"டீச்சர், எங்க யோகா கிளாஸ்ல சொன்னாங்க. வலிஞ்சு எதையும் செய்யாதே, தன்னால நடக்கும்னு சீனாவுல அந்தக் காலத்துப் பெரியவங்க சொல்லியிருக்காங்களாம். இந்த ஊர்ல அது ஆகுமா? நான் சும்மா இருந்தா இந்த பஸ்காரன் மேல ஏத்திட்டுப் போயிடுவான்."

பல்கீஸ் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னாள். கிளட்சை மட்டும் மெல்ல, இன்னும் மெல்ல விடச் சொன்னாள்.

தூங்கி எழுந்த மாடு மாதிரி வண்டி தானே நகர்ந்தது. முன்னால் போன ஆட்டோவோடு ஒட்டினாற்போலப் போயிற்று.

வனஜாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழகும் வண்டி என்பதால் பக்கத்து சீட்டுக்கும் பிரேக்கும் கிளட்சும் உண்டு. டீச்சர்தான் திருட்டுத்தனமாக ஓட்டுகிறாள் என்று எட்டிப் பார்த்தாள். அங்கே செருப்பு மட்டும் கிடந்தது. பல்கீஸ் சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ, நான் எங்கேயாவது இடிச்சிட்டா?"

"கால் இங்கதாம்மா இருக்கு. வேணும்னா இறங்கும்."

"எப்படி இப்படி உக்கார முடியுது உங்களால?"

"வந்த புதுசுல நானும் இந்த பிரேக்கை மிதிச்சிட்டேதான் இருந்தேன். பயம். அப்ப என்கிட்ட பழகினவங்க ஒருத்தரும் தனியா வண்டி எடுக்கல."

வீடு வருவதற்குள் வனஜா அந்தச் செருப்பை இரண்டு மூன்று தரம் எட்டிப் பார்த்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஏகாம்பரத்தையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பயிற்சி முடிந்து கிளம்பும் நேரம். அவர் பின் சீட்டில் பல்கீஸுக்குப் பின்னால் இருந்தார், பெல்ட் போடவில்லை. வழக்கம்போல வனஜா திரும்பிக் கையை நீட்டினாள். அதற்குள் அவருடைய வலது கை பெல்ட்டின் கொக்கியைப் பிடித்திருந்தது.

நீட்டிய கை பாதியில் நின்றது. அதைத் திரும்ப இழுத்து மடியில் வைத்து, இன்னொரு கையால் அழுத்திக்கொண்டாள்.

கொக்கி மோதி வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அவளுக்கு உயிரே போயிற்று. பின்னால் ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார். வாட்ச்மேன் வந்து வண்டி ரிப்பேரா என்று விசாரித்தார். பல்கீஸ் கண்ணாடியை இறக்கி, சார் பெல்ட் போடுகிறார், போட்டதும் கிளம்புவோம் என்றாள். பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டக்கென்று சத்தம் கேட்டது.

"போலாம், வனஜா" என்றார் ஏகாம்பரம். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

வனஜாவுக்கு ரோடே தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே, டீச்சர்."

பல்கீஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"அதைத்தாம்மா நல்லா பண்ணீங்க. இப்ப கிளட்சை மெதுவா விடுங்க."