கூப்பிடாத கிணறுகள்

"மேடம், பவுனம்மா என்னை ஏமாத்திட்டா."

டாக்டர் எபனேசர் மடிக்கணினியை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

எதிரே இருந்தவர் நாச்சியார், புள்ளியியல் பேராசிரியை. டாக்டரைவிட வயதில் இளையவர். ஆனாலும் சனிக்கிழமைதோறும் டாக்டர் அவரிடம்தான் வந்து கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார்.

"என்ன ஏமாத்தினாங்க?"

"எங்க வட்டாரத்துல பிள்ளைங்க பல்லெல்லாம் பழுப்பேறிக் கிடக்கு. ஒவ்வொரு கிணத்துலயும் வாரா வாரம் தண்ணியில ஃப்ளோரைடு எவ்வளவுன்னு அளக்க இவளை வேலைக்கு வெச்சு ஒரு வருஷம் ஆச்சு. இவ ஒரு கிணத்துக்கு ஒரு தடவைதான் போயிருக்கா."

"யார் சொன்னா?"

"இது சொல்லுது."

திரையைத் திருப்பினார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி அவர் எழுதிய லூப் ஓடி முடிந்திருந்தது. அது ஒவ்வொரு சுற்றிலும் 'கிணறு' என்ற சொல்லோடு ஓர் எண்ணை ஒட்டிப் பெயர் செய்யும். கிணறு1, கிணறு2, கிணறு3. பிறகு அந்தப் பெயரில் சேமித்து வைத்த அளவுகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லும்.

சொல்லியிருந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று, திரை நெடுக ஒன்று.

"ஒரு கிணத்துக்குக்கூடவா ரெண்டாந்தடவை போகல?"

"அதான் மேடம் அநியாயம்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். படித்த ஆத்திரக்காரர் கையில் ஆதாரமும் கிடைத்துவிட்டால் அந்த மட்டான புத்தியும் நிற்காது.

"பவுனம்மாவை இன்னிக்கே வேலைய விட்டு எடுக்கறேன். பவுனம்மா மாதிரி ஆளுங்களை நம்பினா இப்படித்தான். நீங்களே கேளுங்க. கையோட கூட்டிட்டு வந்திருக்கேன். கீழ மரத்தடியில உக்காந்திருக்கா."

நாச்சியார் பேனாவைக் கையில் எடுத்தார்.

"வந்ததுலேர்ந்து அவங்க பேரை எத்தனை தடவை சொல்லிட்டீங்க?"

"மூணு நாலு தடவை இருக்கும்."

"அப்புறம் ஏன் அவங்க மேல வரல?"

டாக்டருக்கு எரிச்சல் வந்தது. "நான் எங்க மேடம் கூப்பிட்டேன்? பேரைத்தானே சொன்னேன்."

நாச்சியார் பேனா முனையால் லூப்பின் நடுவரியைத் தொட்டுக் காட்டினார்.

டாக்டர் குனிந்து பார்த்தார்.

"கர்த்தாவே," என்றார் மெதுவாக. "இது கிணத்துக்குள்ள எட்டியே பாக்கலை. 'கிணறு1'ங்கிற பேரை எண்ணியிருக்கு. பேர் ஒண்ணுதான்."

"ம்."

அந்த வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். பெயரைக் கொடுத்தால் பெயருக்குரியதைக் கொண்டுவந்து தரும் சொல் அது. லூப் மறுபடி ஓடியது.

ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு மனுஷியின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தோமே என்று வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

"இத்தனை கிணத்துக்கும் தனித்தனிப் பேர் வெச்சுத் திண்டாடாம எல்லாத்தையும் ஒரே பட்டியல்ல போட்டிருக்கலாம்," என்றார் நாச்சியார். "அதை அடுத்த சனிக்கிழமை பார்ப்போம். இப்ப அவங்களைக் கூப்பிடுங்க."

டாக்டர் ஜன்னலுக்குப் போனார்.

"பவுனம்மா, மேல வாங்க."

பவுனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தாள். மேலே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. இன்றைக்குத் தண்ணீர்ச் சோதனையின் முடிவைச் சொல்லத்தான் அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். திரையில் எண்களைக் கண்டதும் அவள் கண் அங்கேயே நின்றது.

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒழுங்கா வேலை பாத்திருக்கீங்க. வாரா வாரம் போயிருக்கீங்க. எல்லாம் எண்ணிப் பாத்தாச்சு."

"அது கெடக்கட்டும் சார்," என்றாள் பவுனம்மாள். "தண்ணி எப்படி இருக்கு? புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?"

டாக்டர் நாச்சியாரைப் பார்த்தார். நாச்சியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எபனேசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருங்க பவுனம்மா. இன்னும் பாக்கலை."