இரண்டாவது ஆணி

நாளைக்குக் கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் தனக்கோடி ஓரிடத்தில் நிற்காமல் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். கரண்டு மெயின் போர்டு மட்டும் இன்னும் தரையில் கிடந்தது.

“பாத்ரூம் சுவத்துல மாட்டுய்யா,” என்றார் எலக்ட்ரீஷியன் மரியசெல்வத்திடம்.

“அதுல ஈரம் கசியுது சார். ஹால் சுவர்தான் நல்லா காஞ்சிருக்கு.”

“அது எங்கப்பா படத்துக்கு. பத்து வீடு கட்டினவன் நான், எனக்கே பாடம் எடுக்கிறியா? சொன்னதைச் செய், இல்லேன்னா கிளம்பு.”

மரியசெல்வம் ஏணியைத் தூக்கிப்போய் ஹால் சுவரில் ஓர் ஆணி அடித்தான். பக்கத்திலேயே இன்னொன்றும் அடித்தான்.

“ஒரு படத்துக்கு எதுக்குய்யா ரெண்டு ஆணி?”

“ஒண்ணு அப்பாவுக்கு சார். ஈரச் சுவர்ல போர்டை மாட்டினா, முதல்ல சுவிட்சைத் தொடப்போறது நீங்கதானே? இன்னொண்ணு உங்க படத்துக்கு.”

வந்திருந்த சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தனக்கோடியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வந்து மாமனார் படத்தைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“மாமா மாடியில இருக்கட்டும் தம்பி. போர்டை இங்கேயே மாட்டு. அதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவது ஆணியைப் பிடுங்கு.”