சரிவில் எழுந்த கோபுரம்

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னால் மலைநாடு ஒன்றை வில்லவராயன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான்.

மலைச்சரிவில் ஒரு வெற்றிக் கோபுரம் எழுப்ப அவனுக்கு ஆசை. "தரை எப்படிச் சரிகிறதோ, அதற்கு நேர்குத்தாகக் கோபுரம் நிற்பதுதான் அழகு" என்றார் மந்திரி. அப்படி நின்றால் அது பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும்.

கொத்தன் ஆவுடை, நூலில் இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டான். அடிவாரத்தில் தொங்கவிட்டான், சரிவில் தொங்கவிட்டான், உச்சியிலும் தொங்கவிட்டான். எங்கேயும் நூல் சாயவில்லை.

"மகாராஜா, தரை சரியலாம். ஆனால் மண் நேரே கீழேதான் இழுக்கும்."

"சொன்னதைக் கட்டு."

கட்டினார்கள். கல் சுமந்து தோளெல்லாம் புண். ஏழு ஆள் உயரத்தில் கோபுரம் இடிந்தது.

"பெரிய கல்லாகப் போடு" என்றான் அரசன். பெரிய கல் சுமந்தார்கள். அதுவும் இடிந்தது. ஆவுடையின் தம்பி வேலப்பனுக்கு ஒரு கால் நசுங்கிப்போயிற்று.

"இரும்புப் பட்டை பூட்டிக் கட்டு" என்றான் அரசன்.

ஆவுடை கொத்துக்கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தான். கோபப்படக்கூட அவனிடம் தெம்பில்லை.

"முடியவில்லை மகாராஜா. தலையை எடுப்பதானால் எடுங்கள். அதற்கு முன்னால், கோபுரத்தை நிற்கச் சொன்ன மாதிரி நீங்கள் இந்தச் சரிவில் ஒரு நொடி நின்று காட்டுங்கள்."

மந்திரி பதறினார். அரசன் சிரித்துக்கொண்டே பள்ளத்துப் பக்கம் உடம்பைச் சாய்த்தான். கால் வழுக்கியது. உருண்டே போயிருப்பான், ஆவுடை எட்டி இடைக்கச்சையைப் பிடித்துக்கொண்டான்.

அரசனுக்கு மூச்சு வாங்கியது. "யார் என்னைத் தள்ளியது?"

"யாரும் தள்ளவில்லை. பூமி தன் நடுவயிற்றைப் பார்த்து எல்லாவற்றையும் இழுக்கிறது. கல்லை இழுத்த அதே பக்கம்தான் உங்களையும் இழுத்தது."

அரசன், ஓரமாக உட்கார்ந்திருந்த வேலப்பனின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "உன் நூல் காட்டுகிறபடியே கட்டு, ஆவுடை."

மூன்றாம் கோபுரம் நின்றது. கொடியேற்றும் நாளில் பட்டும் பரிசுமாக ஆவுடையைத் தேடி வந்தான் அரசன். அவனோ கோபுரத்தின் அடிச்சுவரில் முதுகைச் சாய்த்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அரசன் கையை உயர்த்தி முரசை நிறுத்தச் சொன்னான்.

ஆணைக்கு மனிதர் பணிவார்கள், மண்ணின் இழுப்பு பணியாது என்பதால், உள்ளதை அறிந்தவன் பேச்சைக் கேட்ட பிறகே ஆள்பவன் ஆணையிட வேண்டும்.