சண்முகக்கனிக்கு ஒரு பக்கம்

குருவைவிடச் சீடருக்குப் பதினாறு வயது கூடுதல். அதனால் ஜெசிந்தா டீச்சரைப் பார்த்தால் கும்பிடுவதா, தலையை மட்டும் ஆட்டுவதா என்று பொன்னுலிங்கம் ஒன்பது வருஷமாகத் தடுமாறிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அந்தச் சிக்கல் இல்லை. வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிடுவார்.

தூத்துக்குடியில் ஒரு வாசகசாலையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டீச்சரின் எழுத்து வகுப்பு நடந்தது. அதற்கு ஒரே ஒரு வழக்கம்தான். ஆளுக்கு ஓர் ஆசிய எழுத்தாளரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானோ, சீனாவோ, வங்காளமோ, எந்த ஊராக இருந்தாலும் சரி. ஒரு வருஷம் முழுக்க அவர் எழுதியதையும் அவர் வாழ்ந்ததையும் படிக்க வேண்டும். வருஷக் கடைசியில் சொந்தமாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும்.

மற்றவர்கள் கொண்டுவந்தார்கள். பொன்னுலிங்கம் மட்டும், இன்னும் ஒருத்தரைப் படித்துவிட்டு எழுதுகிறேன் என்று அடுத்தவரிடம் தாவிவிடுவார். படிப்பில் குறை சொல்ல முடியாது. ஜப்பானியக் கவிஞர் ஒருவர் விடியுமுன் நடப்பார் என்று படித்த நாளிலிருந்து இவரும் பீச் ரோட்டில் நடந்தார். கொரியக்காரர் ஒருவர் நின்றுகொண்டே எழுதுவார் என்று தெரிந்ததும் அலமாரி மேல் நோட்டை வைத்துக்கொண்டு இவரும் நின்றார். கால் வீங்கியதுதான் மிச்சம்.

தங்கை சண்முகக்கனிக்கு இதெல்லாம் தெரியாது. எங்க அண்ணன் எழுத்தாளர் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இவரும் இல்லை என்று சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது.

அவள் இறந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. மறுநாள் படத்திறப்பு. உறவெல்லாம் கூடும்போது மாமா எழுதி வாசிப்பார் என்று அவள் மகள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். பொன்னுலிங்கம் எழுதியும் விட்டார். ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் பக்கம். அதை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் வாசித்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது டீச்சர். ஆனா மனசு ஒட்டமாட்டேங்குது. இத்தனை பேரைப் படிச்சும் என் பேச்சு எனக்கு ஏன் வரல?"

டீச்சர் பென்சிலை எடுத்தார். தங்கை என்று வந்த இடத்தில் அம்மா என்றும், சண்முகக்கனி என்று வந்த இடத்தில் ரெஜினாமேரி என்றும் மேலே எழுதினார். ரெஜினாமேரி, போன வருஷம் தவறிப்போன டீச்சரின் அம்மா.

பிறகு முதலிலிருந்து சத்தமாக வாசித்தார். உதிர்ந்த இலை, ஆற்றைக் கடந்த படகு, விளக்கணைந்த ஜன்னல் எல்லாமே ரெஜினாமேரிக்கு அப்படியே பொருந்தின. ஓரிடத்திலும் இடறவில்லை. வாசித்து முடித்தபோது டீச்சரின் கண் கலங்கியிருந்தது. பொன்னுலிங்கத்துக்குத்தான் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எங்க அம்மாவுக்குப் பொருந்தாத ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. உங்களுக்கும் தங்கச்சிக்கும் மட்டும் நடந்தது."

அப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் அது வெளியே சொல்லக்கூடியது இல்லை என்றார் பொன்னுலிங்கம். டீச்சர் வற்புறுத்தவில்லை. பொன்னுலிங்கமே பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சண்முகக்கனி ஒருநாள், நீ எழுதியதில் ஒன்றைப் படித்துக் காட்டு என்று கேட்டாள். இவரிடம் என்ன இருந்தது? நோட்டில் சீனக் கவிஞர் ஒருவரின் பழைய கவிதையைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். தூர தேசத்தில் இருக்கும் அண்ணனை நினைத்து எழுதியது. தலைக்கு மேலே காட்டு வாத்துகள் தெற்கே பறக்கும். அதைத் தன்னுடையது என்று வாசித்துவிட்டார்.

"இது நீ எழுதுனதாண்ணே" என்று கேட்டாள். ஆமாம் என்றார். காட்டு வாத்தை எங்கே பார்த்தாய் என்றாள். சும்மா கற்பனைதான் என்றார். அவர் முகத்தையே சற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்லாருக்கு என்றாள்.

அன்று பொன்னுலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. திருடிய புகழ் என்றாலும் புகழ் புகழ்தானே. அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

"ஏன் போகல?"

"இன்னொண்ணு தேடிக்கிட்டிருந்தேன் டீச்சர், அவளுக்குப் பிடிக்கிற மாதிரி. வீட்ல இருக்கிற அத்தனை புஸ்தகத்தையும் புரட்டினேன். ரெண்டாம் நாள் மத்தியானம் போன் வந்துச்சு."

"இன்னொண்ணு வேணும்னு கேட்டாங்களா?"

"கிளம்பும்போது கேட்டாளே."

"எப்படிக் கேட்டாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'நாளைக்கு வரும்போது நீ எழுதுனதக் கொண்டாண்ணே'ன்னா."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை குத்திச் சொல்லாமல், அவருக்கு இன்னும் ஒரு நாள் கொடுத்திருக்கிறாள். அவள் கண்ணுக்கெதிரே போய் உட்கார்ந்திருக்க வேண்டிய இரண்டு நாளை, அவளை இன்னொரு தடவை ஏமாற்றுவதற்காக அவர் செலவழித்திருக்கிறார். பொன்னுலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

டீச்சர் அவரை அழவிட்டார். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை மேலே வைத்து, பென்சிலோடு அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதை எழுதினா, நாளைக்கு அத்தனை பேர் முன்னால எப்படி டீச்சர் வாசிப்பேன்?"

"நாளைக்குன்னுதானே அண்ணாச்சி அவங்களும் கேட்டாங்க."