பள்ளியறை அதிகாரி தூங்கவே இல்லை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் ரகம். ஆனால் அது இப்போதே வராது. முதலில் ஒரு ராஜா வர வேண்டும், அவருக்குத் தூக்கம் போக வேண்டும், ஒரு தலையணை வர வேண்டும். அதுவரை யாரும் பல்லைக் காட்டக் கூடாது.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் குறும்பாறை நாட்டை வச்சிரவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நாற்பது நாளாக அவருக்குத் தூக்கம் இல்லை. வாயைத் திறந்தால் பாதி பேச்சு, பாதி கொட்டாவி. "யாரங்ங்... ஆஆவ்... கே" என்று முடிப்பதற்குள் கூப்பிட்ட ஆள் வந்து நின்றுவிடுவான்.

"நல்ல தலையணை கொண்டுவருபவருக்குக் கேட்டதைத் தருவேன். சரியில்லாத தலையணை கொண்டுவந்தால், நான் தூங்கும்வரை அவரும் தூங்கக் கூடாது. கோட்டைச் சுவரில் நின்று முரசு அடிக்க வேண்டும்" என்று ராஜா உத்தரவு போட்டார். முரசு அடித்துக்கொண்டே இருந்தால் ராஜா எப்படித் தூங்குவார் என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

ராஜா தலை வைக்கும் எதிலும், அவர் படுக்கையறையைக் கவனிக்கும் பள்ளியறை அதிகாரி முதலில் தலை வைத்துப் பார்ப்பது அந்த அரண்மனை வழக்கம், சமையலுக்கு ருசி பார்ப்பது போல. அதிகாரி பெயர் திருமேனிநாதர். ராஜாவின் கட்டிலில் இருந்த அன்ன இறகுத் தலையணை அவர் செய்தது. அதில் படுத்தால் ராஜாவுக்கு வரிசையாகத் தும்மல் வரும். இருந்தாலும் வேறு எவன் தலையணையாவது ஜெயித்தால் பதவி என்ன ஆவது? வந்த ஏழு தலையணைகளிலும் படுத்துப் பார்த்தார், ஏழையும் தள்ளினார். ஏழாவது, மெத்தை தைக்கும் மாடப்பன் கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணை. "சூடு" என்றார் அதிகாரி. மாடப்பன் சுவரேறினான்.

நாலாம் நாள் மாடப்பன் மனைவி சடைச்சி ஒரு தலையணையோடு சபைக்கு வந்தாள்.

"மகாராசா, இதுல பஞ்சும் கெடையாது, இறகும் கெடையாது. வரகு உமி. வெயில்ல காயவெச்சு, புடைச்சு அடைச்சிருக்கேன். தலை எப்படிச் சாயுதோ அப்படியே குழிஞ்சு தாங்கும். காத்து உள்ள போய்வரும், சூடே ஏறாது."

"உமியா!" என்று திருமேனிநாதர் நெஞ்சில் கை வைத்தார். "மன்னர் மன்னா! மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உமியா! மணிமுடி சுமக்கும் தலைக்கு உமியா!"

"படுத்துப் பார்த்துட்டுத் திட்டுங்க ஐயா. தோத்தா நானும் சுவரேறுறேன். ஜெயிச்சா என் புருசன் இறங்கணும். நேத்துப் பார்த்தேன், முரசை விட்டுட்டுத் தொடையில அடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"சரி... ஆஆவ்" என்றார் ராஜா.

மதியச் சாப்பாடு முடிந்தது. சபைக்குப் பக்கத்து அறையில் கட்டில் போட்டார்கள். திருமேனிநாதர் தெளிவான திட்டத்தோடு உள்ளே போனார். இரண்டு நாழிகை கண்ணைத் திறந்தபடி கிடக்க வேண்டும், வெளியே வந்து 'குத்துகிறது' என்று சொல்ல வேண்டும். தலையை வைத்தார். உமி 'சரசர' என்றது. 'சத்தம் வேறு போடுகிறது, இதையும் சேர்த்துச் சொல்ல...' என்று நினைத்தார். அந்த நினைப்பு முடியவில்லை.

"கொர்ர்ர்ர்... புஸ்."

சடைச்சி ராஜாவிடம் போய், "மகாராசா, செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள். சபையே பின்னால் வெறுங்காலோடு போய்க் கட்டிலைச் சுற்றி நின்றது.

"எழுப்புங்கள் அவரை!" என்றார் ராஜா.

"வேண்டாம் மகாராசா. எழுப்பினா, 'மன்னர் நலத்துக்காகக் கண்ணை மூடித் தியானம் பண்ணினேன்'ம்பாரு. நாவிதரைக் கூப்பிடுங்க."

ராஜாவுக்கு வந்த கொட்டாவி பாதியில் நின்றது. நாற்பது நாளில் முதல் தடவை.

அரண்மனை நாவிதர் வந்தார், பார்த்தார், கத்தியைத் தீட்டினார். "மகாராசா, மீசையில் எந்தப் பக்கம்?"

"மேலே இருக்கிற பக்கம். கீழ்ப்பக்கம் தலையணையில் சுகமாக இருக்கிறது, அதைத் தொந்தரவு பண்ணாதே."

வலப்பக்க மீசை போனது. பன்னீர் தொட்டுத் துடைத்தும் விட்டார். குறட்டையில் ஒரு மாற்றமும் இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் திருமேனிநாதர் எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு சபைக்கு வந்தார். ஒருவர் தரையைப் பார்த்தார். இன்னொருவர் தூணை எண்ணினார். படைத்தலைவர் தன் அங்கவஸ்திரத்தைக் கடித்துக்கொண்டார்.

"தூங்கினீரா?" என்றார் ராஜா.

"தூக்கமா! மன்னர் மன்னா, இமையோடு இமை சேரவில்லை! முள்படுக்கை! உடம்பே பாதியாகிவிட்டது!"

"தெரிகிறது. உள்ளே யாராவது வந்தார்களா?"

"ஓர் ஈகூட வரவில்லை. வந்திருந்தால் அதன் சிறகோசை என் காதில் விழுந்திருக்கும்."

"ஐயாவுக்கு முகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு, பாவம்" என்றாள் சடைச்சி.

"கேட்டீர்களா மன்னா! கொண்டுவந்தவளே ஒப்புக்கொள்கிறாள்!"

ராஜா முகத்தை வைத்துக்கொள்ளச் சிரமப்பட்டார். "அப்படியானால் சத்தியம் செய்யும். உண்மையென்றால் இவள் சுவரேறுவாள். பொய்யென்றால் மாடப்பன் இறங்குவான், முரசை நீர் வாங்கிக்கொள்வீர்."

"ஒரு சத்தியம் என்ன, ஒன்பது செய்கிறேன்!"

குறும்பாறை நாட்டில் ஆண்கள் சத்தியம் செய்வது கற்பூரத்தில் அல்ல. மீசையின் இரண்டு நுனிகளையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். திருமேனிநாதர் சபையின் நடுவில் வந்து நிமிர்ந்து நின்றார்.

"இந்தத் தலையணையில் நான் ஒரு கணமும்..."

இடக்கை இடது நுனியைப் பிடித்தது. வலக்கை போய்க் கன்னத்தில் நின்றது. கொஞ்சம் மேலே ஏறியது. மூக்குவரை வந்தது. மறுபடி கன்னத்துக்குப் போய் மெதுவாகத் தடவிப் பார்த்தது.

அவர் நாவிதரைப் பார்த்தார். நாவிதர் கூரையைப் பார்த்தார்.

"மன்னர் மன்னா," என்றார் திருமேனிநாதர், "கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன் போலிருக்கிறது."