அடுத்த கடைப் பல்லி

முன்னொரு காலத்தில் மருதூர்ச் சீமையை அதிமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சட்டம். காலையில் ஒருத்தருக்குப் பல்லக்குக் கொடுப்பார், சாயங்காலம் அதைப் பிடுங்கி இன்னொருத்தருக்குக் கொடுப்பார்.

அந்த ஊர் எண்ணெய்த் தெருவில் ஐந்து பெரிய கடைகள். மயில் கடை, யானைக் கடை, சங்குக் கடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். தெருக்கோடியில் ஒரு சின்னச் செக்கு. அது வெயிலுகந்தாளுடையது. புருஷன் போன பிறகு ஒரு மாட்டையும் அந்தச் செக்கையும் வைத்துத்தான் அவள் பிள்ளைகளை வளர்த்தாள். பெரிய கடைகளில் விலை ஏறினால் ஐந்திலும் ஒரே நாளில் ஏறும். இவள் மட்டும் அதில் பாதி விலைக்குக் கொடுத்தாள்.

பொறுக்குமா? பொக்கிஷ அதிகாரி தனபாலர் ஐந்து கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தார்.

“அரசே, அந்தப் பெண்பிள்ளை கண்ட விலைக்கு விற்று இவர்கள் பிழைப்பைக் கெடுக்கிறாள். செக்குச் சத்தத்தில் தெருவில் ஒருத்தருக்கும் தூக்கமில்லை.”

“அப்படியா? நாளைக் காலையில் அந்தச் செக்கைப் பிளந்து விறகாக்குங்கள்,” என்றார் ராஜா.

சேதி கேட்டு வெயிலுகந்தாள் ஓடி வந்தாள். “ராசா, செக்கு போனா என் பிள்ளைங்களுக்குக் கஞ்சி இல்ல,” என்றாள். 

அமைச்சர் அமுதகண்டர் எழுந்தார். “அரசே, அந்தத் தெருவில் ஐந்து கடை இல்லை. ஒரே கடை, வாசல்தான் ஐந்து.”

அமைச்சர் பேர் எடுத்தாலே தனபாலருக்கு வயிறு எரியும். சிரித்தார். “அமைச்சருக்குக் கண்ணில் கோளாறு போலிருக்கிறது. ஐந்து முதலாளிகள் எதிரே நிற்கிறார்களே. வேண்டுமானால் கணக்கைப் பார்க்கட்டும். தனித்தனியாகச் சுத்தமாக இருக்கிறது.”

“கணக்கு வேண்டாம். அரசர் மாறுவேஷத்தில் என்னோடு மீன் வாங்க வந்தால் போதும்.”

மாறுவேஷம் என்றால் ராஜாவுக்குப் பாயசம் சாப்பிடுகிற மாதிரி. “வருகிறேன். ஆனால் பொழுது சாய்வதற்குள் நிரூபிக்காவிட்டால் செக்கும் போகும், உம்முடைய பதவியும் போகும்,” என்றார்.

முண்டாசும் அழுக்குத் துண்டுமாக இரண்டு பேரும் மீன் சந்தைக்குப் போனார்கள். முத்துக்கனி, சந்தனமாரி என்று இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் கூடை வைத்திருந்தார்கள்.

அமைச்சர் முத்துக்கனியிடம் குனிந்து, “ஆத்தா, பக்கத்துக் கூடையில வாங்கின மீன்ல புழு இருந்துச்சு,” என்றார்.

அவள் முகம் விளக்கு ஏற்றின மாதிரி ஆயிற்று. எழுந்து நின்று, “எல்லாரும் கேட்டுக்கங்க, சந்தனமாரி மீன்ல புழுவாம். நான் சொன்னா பொறாமைன்னீங்களே,” என்று சந்தை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

“புழுவாச்சும் உசுரோட இருந்திருக்கு. உன் மீனு உன் கல்யாணத்துக்கு வாங்கினதுல மிச்சம்,” என்றாள் சந்தனமாரி.

ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “உங்களுக்குள்ள அப்படி என்ன பகை?”

“பகையா? இவ என் சம்பந்தி. மீன் வித்து முடிஞ்சா ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போவோம். உறவு வேற, யாவாரம் வேற இல்லையா?” என்றாள் முத்துக்கனி.

அங்கிருந்து எண்ணெய்த் தெருவுக்கு வந்தார்கள். மயில் கடைக்காரரிடம் அமைச்சர் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, சங்குக் கடையில எண்ணெய் வாங்கினேன். உள்ள செத்த பல்லி கிடந்துச்சு.”

மயில் கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். “மெதுவா பேசுங்க. சங்குக் கடைக்காரர் தங்கமான மனுஷர். ஏதோ தவறிடுச்சு. நான் வேற எண்ணெய் தர்றேன், காசு வேண்டாம். வெளிய மட்டும் சொல்லிடாதீங்க.” சொல்லிக்கொண்டே ஒரு குடத்தை நிரப்பி நீட்டினார்.

ராஜா குடத்தைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார். “அடுத்த கடைப் பல்லிக்கு நீ ஏன்யா எண்ணெய் கொடுக்கிறே?”

“பேர் கெட்டா எங்க அஞ்சு பேரையும் முதலாளி வேலையை விட்டு நிறுத்திடுவாருங்க.”

“எந்த முதலாளி?”

வாயைப் பொத்திக்கொண்டார் கடைக்காரர். ராஜா முண்டாசை அவிழ்த்தார். பாவம் அந்த மனுஷர், குடத்தைக் கீழே போட்டுவிட்டு, “தனபாலருங்க. பேருக்குத்தான் கடை எங்களுது. நாங்க கூலியாளுங்க,” என்று காலில் விழுந்தார்.

சபை கூடியது. ராஜாவுக்குக் கண் சிவந்திருந்தது. “தனபாலரே, என்ன சொல்கிறீர்?”

தனபாலர் அப்போதும் விடவில்லை. “ஒரே கையில் இருந்தால் செலவு குறையும் அரசே. ஊருக்கே மலிவாகக் கொடுக்கலாம்.”

“கொடுக்கலாம். கொடுத்தீரா?” என்று கேட்டார் ராஜா.

பதிலுக்குக் காத்திராமல் ராஜா அவரைச் சிறையில் தள்ளக் கிளம்பினார். அமைச்சர்தான் தடுத்தார். “ஆளைப் பூட்டினால் கடைகள் இன்னொரு ஆள் கைக்குப் போகும். கடைகளைப் பிரியுங்கள் அரசே.”

அப்படியே தீர்ப்பானது. ஐந்து கடையும் கூலிக்கு இருந்த ஐந்து பேருக்கே சொந்தம். ஒருத்தருக்கு ஒரு கடைக்கு மேல் கூடாது. அரண்மனை உத்தியோகத்தில் இருப்பவருக்குக் கடையே கூடாது. அமைச்சருக்கு முத்துமாலை கிடைத்தது. தனபாலருடைய பட்டுத் தலைப்பாகை இறங்கியது. சபை முழுக்கப் பார்க்க, அவர் வெயிலுகந்தாளிடம் மன்னிப்புக் கேட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டுங்க. நான் போய் மாட்டைப் பூட்டணும்,” என்று அவள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் ராஜா எண்ணெய்த் தெருவுக்கு வந்தால், ஒரே இரைச்சல். யானைக் கடை எண்ணெயில் தண்ணீர் என்கிறார் மயில் கடைக்காரர். மயில் கடை எண்ணெயை விளக்கே குடிக்காது என்கிறார் யானைக் கடைக்காரர். சபையில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத வெயிலுகந்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நிமிஷத்துக்கு நிமிஷம் விலை இறங்குகிறது.

ராஜா கையை உயர்த்தினார். “எல்லோரும் ஒற்றுமையாக...” என்று ஆரம்பித்தார். அமைச்சர் பலமாக இருமினார். ராஜா வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாரம் மருதூரில் எண்ணெய் வைக்காத பிள்ளைத் தலை ஒன்றுகூட இல்லையாம். வெயிலில் ஊரே மினுமினுவென்று இருந்ததாம்.